கைகளை மேசைமேல் வைக்கவும்

சென்ற வாரம் இந்தக் குடும்பத்தை மாடிப்படியில் சண்டை போட்டபடி விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லை. சண்டையை முடித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, இன்று காலை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெர்ப் மாஸ்டரின் மகள் அப்பாவிடம் சொல்லாமல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தேதி வாங்கிவிட்டாள். அந்தத் தேதி இன்று.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். அந்தத் தேர்வுக்கு ஊரையே தயார் செய்கிறவர் அவர். கீழே டயர் கடை, மேலே அவருடைய பயிற்சி மையம். காற்றடிக்கும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, கடினமான ஆங்கில வினைச்சொற்களை மட்டும் கற்றுத் தருகிறார். பெயர்ச்சொற்கள்மேல் அவருக்கு மதிப்பில்லை. "பெயர்ச்சொல் சும்மா உட்கார்ந்திருக்கும். வினைச்சொல்தான் வேலை செய்யும்" என்பார், உட்கார்ந்தபடி.

அவர் அந்தத் தேர்வை எழுதியதில்லை. தேர்வு அறைக்குள் எட்டிப் பார்த்ததும் இல்லை. நீச்சல் சொல்லித் தருகிறவர் நனைந்தே தீரவேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

பாடம் ஆங்கில எழுத்து வரிசைப்படி நகரும். மகளுக்கு 'பி' வரை வந்திருக்கிறது. 'க்யூ'விலிருந்து 'இஸட்' வரை அடுத்த பருவத்துக்கு. பல்கலைக்கழகங்கள் அதுவரை பொறுத்திருக்கும் என்பது மாஸ்டரின் நம்பிக்கை.

மகளை வீட்டில் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். குறைமாதத்தில் பிறந்தவள். பெயர் வைத்தது அம்மா. அம்மா பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று பார்த்தே வாழ்க்கை போனவள். வீட்டில் முன்கூட்டி வந்து சேர்ந்த ஒரே உயிர் என்று மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அவசரத்துக்கு இந்த முறை நிஜமாகவே அவசரம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆற்று வண்டலைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை தூரதேசத்துப் பேராசிரியர் ஒருவர் கண்ணில் பட்டது. இந்த மாதக் கடைசிக்குள் தேர்வு மதிப்பெண் வந்து சேர்ந்தால் தன் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஓர் இடம் உண்டு என்றார். வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. மாதக் கடைசிக்குள் கிடைத்த ஒரே தேதி இன்று.

"காஸ்டிகேட்" என்றார் மாஸ்டர், சாப்பாட்டு மேசையில்.

மகள் ரொட்டியைக் கீழே வைத்தாள். வலது கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் காற்றில் வாள்போல் அறுத்தது. "வெளுத்து வாங்குறது."

"மிட்டிகேட்."

பொங்குகிற பாலை மேலிருந்து அமுக்குவதுபோல் உள்ளங்கை இறங்கியது. "கடுமையைக் குறைக்கிறது."

"ப்ளாகேட்."

மடியில் இல்லாத ஒரு பூனையை அவள் தடவிக்கொடுத்தாள். "சமாதானப்படுத்துறது. அப்பா, ரொட்டி ஆறுது."

இதுதான் மாஸ்டரின் உலகப் புகழ்பெற்ற 'உடல்வழி வினைப் பயிற்சி'. உலகம் என்பது டயர் கடையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசைவு. சொல்லை மூளையில் வைத்தால் மறந்துபோகும், கையில் வைத்தால் நிற்கும் என்பது தத்துவம். கேலி செய்யலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது வேலை செய்தது. அவரிடம் படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியான அர்த்தம் சொன்னார்கள். கை மட்டும் போர்வைக்கு வெளியே இருக்கவேண்டும்.

அம்மா சீருடைப் பொத்தானைப் போட்டபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பரீட்சை ஹால்ல இப்படிக் கையை ஆட்ட விடுவாங்களா?"

"ஏன் விடமாட்டாங்க? நாட்டியமா ஆடுறா?"

"பூனையைத் தடவுறா."

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ போய் உன் வண்டிங்களைப் பாரு."

"என் வண்டிங்க கையைக் காட்டினா நிக்கும். அதுக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்பினாள். வாசலில் திரும்பி மகளின் கன்னத்தைத் தொட்டாள். "மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சதும் நேரா அங்க வந்துடறேன். அப்பா கூட வர்றேன்னு சொல்றாரு. தடுத்துப் பார்த்தேன்."

"தெரியும்மா."

"மாமாவும் வர்றான்."

"மாமா எதுக்கு?"

அம்மா படியிறங்கிவிட்டாள். அம்மாவின் தம்பி ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

*

தேர்வு மையம் ஒரு அலுவலகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் அவசரத்தின் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தந்தார்கள். கைக்குட்டையை உதறிப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு வினைச்சொல்கூட விழவில்லை.

அறைக்குள் போகும்போதுதான் பல் டாக்டரைப் பார்த்தாள். பொதுச் சுகாதாரம் படிக்க ஆசைப்பட்டு, மாலை வேளைகளில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு அப்பாவிடம் வருகிறவர். நாற்பதை நெருங்கியவர். பல் பிடுங்கும்போது நடுங்காத கை, இப்போது பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் அவர் இடம்.

கட்டுரைப் பகுதி சீராகப் போனது. அடுத்து சொற்கள்.

ஒரு வாக்கியம். நடுவில் ஒரு வெற்றிடம். நிர்வாகத்தின் மன்னிப்புக் கடிதம் தொழிலாளர்களை இன்னது செய்யவில்லை, மேலும் கொதிக்கவே வைத்தது என்கிறது. கீழே ஐந்து வினைச்சொற்கள். அவசரம் முதல் சொல்லைப் பார்த்தாள். கை எழுந்தது. மடியில் பூனை வந்து படுத்தது. ப்ளாகேட். சரி. சொடுக்கினாள். அடுத்தது.

கையால் புகையைக் கிளப்பினாள், ஆப்ஃபஸ்கேட், தெளிவை மறைப்பது. விரலால் அறுத்தாள், காஸ்டிகேட். எல்லாம் தண்ணீர்போல் வந்தது.

தோளில் யாரோ லேசாகத் தட்டினார்கள்.

கண்காணிப்பாளர் அம்மையார் குனிந்து, காதோரமாகப் பேசினார். "என்ன பண்றீங்க?"

"யோசிக்கிறேன் மேடம்."

"கையை மேசைமேல வச்சு யோசிங்க. கேமரால உங்க கை அசையறது தெரியுது. இன்னொரு வாட்டி பாத்தா, ரிப்போர்ட் எழுதி வெளிய அனுப்பிடுவேன். அப்புறம் ரெண்டு வருஷம் எழுத முடியாது."

அவசரம் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

திரையில் அடுத்த சொல். பார்த்தாள். தெரிந்த சொல். நன்றாகவே தெரிந்த சொல், தெருவில் தினமும் பார்க்கும் ஆளின் பெயர் மறந்துபோவதுபோல், முகம் தெரிகிறது, மற்றது வரவில்லை. விரல்கள் துடித்தன. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா கையில் கொடுத்ததெல்லாம் கையிலேயே நின்றுவிட்டது. மேலே ஏறி வர மறுத்தது.

திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதே சமயம் இரண்டு வரிசை முன்னால் பல் டாக்டர் தன் தோளில் தூசி தட்டினார். எக்ஸானரேட், பழியிலிருந்து விடுவிப்பது. அம்மையார் அவர் பக்கம் போனார். குனிந்தார். ஏதோ சொன்னார். டாக்டர் பதறித் தலையாட்டினார்.

பிறகு, பாவம், அவருக்கு எந்தக் கேள்வி வந்ததோ, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார். கபிட்யுலேட். சரணடைவது.

நிஜமாகவே சரணடைந்தவரைப்போலத்தான் அவரை வெளியே அழைத்துப் போனார்கள். அவசரத்தின் மேசையைத் தாண்டித்தான் வாசல். மற்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் மட்டும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பக்கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு போனார்.

*

சாலைக்கு எதிர்ப்பக்கம் மாஸ்டரும் ஃப்ளெக்ஸ் மாமாவும் ஒரு கம்பி வேலியில் ஃப்ளெக்ஸ் கட்டி முடித்திருந்தார்கள். ஃப்ளெக்ஸில் அப்பாவும் மகளும் ஆளுயரத்துக்கு நின்றார்கள். அப்பா காற்றை விரலால் அறுத்துக்கொண்டிருந்தார். மகள் எங்கோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டப்பட்டவள், பக்கத்து ஆளின் முழங்கையோடு வந்திருந்தாள். மேலே கொட்டை எழுத்தில்: 'இவர் கை அசைந்தால் உங்கள் மதிப்பெண் அசையும்'. கீழே: 'முதல் வெற்றி, சொந்த மகள்'.

"அத்தான், மார்க் வந்தப்புறம் கட்டியிருக்கலாமே."

"மச்சான், வெற்றிங்கிறது முதல்ல மனசுல அச்சாகணும்."

"மனசுல அச்சானா எனக்கு மை மிச்சம்."

அப்போது கட்டடத்திலிருந்து பல் டாக்டர் வெளியே வந்தார். மாஸ்டர் கையைத் தட்டினார்.

"பாத்தியா? எல்லாருக்கும் முன்னால முடிச்சுட்டு வர்றாரு நம்ம ஆளு. வாங்க டாக்டர் வாங்க. எப்படி இருந்துச்சு?"

டாக்டர் சாலையைக் கடந்து வந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார்.

"அனுப்பிட்டாங்க சார்."

"பேப்பரையா?"

"என்னை."

மாஸ்டருக்குப் புரிய நேரமானது. டாக்டர் நின்றபடியே சொன்னார். கையசைவு யாருக்கோ சைகை காட்டுவதாம். யாருக்கு என்று கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்றார். அந்த அறையில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்கள்.

"என்ன சொன்னீங்க?" மாஸ்டரின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியாதுன்னு சொன்னேன் சார். உங்க பொண்ணும் அதே மாதிரி கையை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தாங்கன்னா முடிஞ்சுது. நாங்க பேசி வச்சு செஞ்ச மாதிரி ஆயிடும்."

"இதென்ன அநியாயம்? இது ஒரு கற்பிக்கும் முறை. இதுக்குப் பின்னால எத்தனை வருஷ ஆராய்ச்சி. நான் போய் விளக்குறேன்." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாஸ்டர் சாலையில் இறங்கினார். இரண்டு வண்டிகள் அவருக்காகப் பிரேக் போட்டன. அவர் கவனிக்கவில்லை. பெரிய மனிதர்கள் சாலையைக் கடப்பதில்லை, சாலைதான் அவர்களைக் கடக்கும்.

இரண்டாவது மாடியில் மேலாளர் என்று பலகை வைத்த மேசைக்குப் பின்னால் ஓர் இளைத்த மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு திரை. திரையில் சிறு சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு தலை.

"சொல்லுங்க சார்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். முன்னுரையிலிருந்து ஆரம்பிப்பதா, தனக்குக் கிடைத்த விருதிலிருந்து ஆரம்பிப்பதா என்ற யோசனை. அப்போது அந்தக் கட்டங்களில் ஒன்றில் மகளைப் பார்த்தார். இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, விட்டால் ஓடிவிடும் என்பதுபோல். அவளுக்குப் பின்னால் கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். நகரவில்லை.

"இப்ப ஒருத்தரை அனுப்பினீங்களே" என்று மட்டும் வந்தது வாயில்.

மேலாளர் நிமிர்ந்தார். பேனாவை எடுத்தார். "ஆமா. நீங்க அவருக்கு யாரு?"

நாற்பது பேர் வகுப்பில் நாள் முழுக்கப் பேசி அலுக்காத மனிதர். தன்னைப் பற்றிக் கேட்டால் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறவர். இப்போது அந்தக் கேள்வி நேராக வந்து நிற்கிறது, பதில் எழுதக் காகிதமும் தயார்.

"யாருமில்லங்க" என்றார் மாஸ்டர்.

"அப்ப என்ன வேணும்?"

"பாத்ரூம் எங்கன்னு கேக்க வந்தேன்."

மேலாளர் பேனாவால் வழி காட்டினார். சொன்ன பொய்க்காக மாஸ்டர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்கவேண்டியிருந்தது. கண்ணாடியில் தெரிந்த ஆளை அவர் பார்க்கவில்லை.

கீழே வந்தபோது அம்மா வந்துவிட்டிருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டர் நேராகப் போய் ஃப்ளெக்ஸின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"என்ன அத்தான், அவிழ்க்கவா? இப்பத்தானே கட்டினோம்."

"மேல ஜன்னல் இந்தப் பக்கம்தான் இருக்கு. யாராவது எட்டிப் பாத்தா..." வாக்கியம் முடியவில்லை. அவர் வாக்கியங்கள் முடியாமல் போனதை மாமா இதுவரை கண்டதில்லை. அவரும் ஃப்ளெக்ஸைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

பல் டாக்டர் பேருந்து நிறுத்தத் திண்டில் உட்கார்ந்திருந்தார்.

"சார், இன்னைக்கே விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. எதுக்குக் கையை ஆட்டினேன்னு. என்ன எழுதட்டும்?"

"யோசிப்போம் டாக்டர்."

"பழக்கம்னு எழுதவா? நரம்புக் கோளாறுன்னு எழுதவா? பல் டாக்டருக்குக் கை நரம்புக் கோளாறுன்னு எழுதினா அப்புறம் கிளினிக்கை மூடவேண்டியதுதான்."

"யோசிப்போம்னு சொல்றேனே."

அம்மா கணவனைப் பார்த்தாள். தாமதமாக வந்த வண்டியின் ஓட்டுநரைப் பார்ப்பதுபோல. திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேட்பதற்காக ஒரு கணம் விடுவாளே, அந்தப் பார்வை.

*

உள்ளே அவசரம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

கையை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஷூவுக்குள் கட்டைவிரல் மெல்ல எழுந்து அறுத்தது. காஸ்டிகேட். பாதம் தரையை அமுக்கியது. மிட்டிகேட். பூனையைக் காலால் தடவுவது மரியாதை இல்லைதான். பூனை கோபித்துக்கொள்ளவில்லை.

அதைவிட வேடிக்கை, 'க்யூ'வுக்கு அப்புறம் வந்த சொற்கள். அப்பாவுக்குத் தெரியாமல், பரிசோதனைக் கூடத்தில் கலங்கல் படியக் காத்திருக்கும் நேரத்தில், சும்மா வாசித்துப் படித்தவை. அவற்றுக்கு அசைவும் இல்லை, ஆட்டமும் இல்லை. வாக்கியத்தை முழுசாகப் படித்தாள். எது மிதக்கிறது, எது அடியில் படிகிறது என்று பார்த்தாள். சொல் தானாக வந்து வெற்றிடத்தில் உட்கார்ந்தது. அவற்றுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை என்பதாலோ என்னவோ, அவை ஒழுங்காக நடந்துகொண்டன.

கடைசியில் திரை ஒரு கேள்வி கேட்டது. மதிப்பெண்ணைப் பதிவு செய்யவா, ரத்து செய்யவா? ரத்து செய்தால் எவ்வளவு என்றே தெரியாமல் போய்விடும். பதிவு செய்தால் எதுவானாலும் அவளுடையது.

பதிவு என்பதைச் சொடுக்கினாள்.

எண்கள் வந்தன. பேராசிரியர் கேட்டதைவிடக் கூடுதல். அவசரம் திரும்ப ஒரு முறை பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள். கைகள் மேசைமேலேயே இருந்தன. எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மேலாளர் அவளுடைய பையையும் செல்போனையும் திருப்பித் தந்தார்.

"அந்த இன்னொருத்தர் என்ன ஆனார் சார்?"

"எந்த இன்னொருத்தர்?"

"கையைத் தூக்கினாரே."

"ஓ, அவரா. விளக்கம் எழுதணும். ஏத்துக்கலேன்னா ரெண்டு வருஷம் தடை. யாராவது வந்து இது அவர் படிக்கிற பழக்கம்னு சாட்சி சொன்னா மேல அனுப்பிப் பாக்கலாம். யாரும் வரல." கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினார். "ஒருத்தர் வந்தாரு. ஏதோ பேச வந்த மாதிரி தொண்டையை எல்லாம் கனைச்சாரு. நீங்க அவருக்கு யாருன்னு கேட்டா, யாருமில்லன்னு சொல்லி, பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

அவசரத்தின் பேனா தாளின்மேல் நின்றது. "குண்டா, பட்டையா மீசை வச்சுக்கிட்டு?"

"ஆமா. தெரிஞ்சவரா?"

அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். மின்தூக்கிக்குக் காத்திருக்க முடியவில்லை. படிகளில் இரண்டு இரண்டாகக் குதித்தாள்.

*

"எவ்வளவு?" என்றார் மாமா.

"போதும் மாமா. போதுமானதுக்கு மேலயே."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. ஒரு முழு உரை அங்கே தயாராவதை எல்லாரும் பார்த்தார்கள்.

"அப்பா, மேல போனீங்களா?"

வாய் மூடியது.

"போனேன்."

"யாருமில்லன்னு சொன்னீங்களா?"

"உனக்காகத்தாம்மா சொன்னேன். அந்த ஸ்கிரீன்ல உன்னைப் பாத்தேன். நான் அவர் வாத்தியார்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்ன? வேற யாரு உங்க ஸ்டூடண்ட்டுன்னு. உன்னைத் தூக்கியிருப்பாங்க."

"தெரியும்பா. நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்." அவள் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்தாள். மடியில் ஒரு வெற்றுத் தாள், கையில் பென்சில். "என்னைத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனாரு. அவருக்கு நான் யாருப்பா?"

"இப்ப போய்ச் சொன்னா உன் மார்க்கையும் நிறுத்தி வைப்பாங்க. மாசக் கடைசி வருது."

"வருதுப்பா. தினமும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்த இடம் போயிடும்."

"போகலாம்."

அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலிக்கும் சாலை ஓரத்துக்குமாக நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். பையின் வாரை முறுக்கினாள். ஏதாவது ஒரு வண்டி வந்து தன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் தேவலை என்பதுபோல் சாலையின் இரண்டு முனைகளையும் பார்த்தாள். ஆய்வுக்கூடம், ஆறு, அதுவரை பார்த்திராத ஊர். எல்லாம் கைக்கெட்டி இப்போதுதான் சில நிமிடங்கள் ஆகியிருந்தன.

அம்மா வாயைத் திறந்தாள். "அவசரப்படாதே" என்று சொல்லத்தான். பெயரே அதுவாக இருக்கும் மகளிடம் அதை எப்படிச் சொல்வது?

"நீ எதைப் பண்ணாலும் சரிதான்" என்றாள். "ஆனா நின்னுக்கிட்டு பண்ணு. நீ நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

மாஸ்டர் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு டாக்டரிடம் போனார். "அந்தப் பேப்பரைக் குடுங்க. நீங்க எதுவும் எழுத வேணாம். வாங்க."

"எங்க சார்?"

"மேலதான்."

மாடியில் மேலாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "திரும்பவும் பாத்ரூமா?"

"இல்லங்க." மாஸ்டர் நாற்காலியில் உட்காரவில்லை. "கொஞ்ச நேரத்துக்கு முன்னால பொய் சொன்னேன். நான் இவருக்கு வாத்தியார். கையை ஆட்டச் சொல்லிக் குடுத்தது நான்தான். அது சைகை இல்ல. சொல்லை ஞாபகம் வச்சுக்கற வழி. இந்தப் பரீட்சையை நான் எழுதினதில்ல. உள்ள கையை ஆட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். முன்னுரை இல்லை, விருது இல்லை, தத்துவம் இல்லை. டாக்டர் அவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மேலாளர் யோசித்தார். "சொல்றது சரிதான். நிரூபிக்கணுமே. அவர் மட்டும் பண்ணிக் காட்டினா இப்ப இட்டுக்கட்டினதுன்னு சொல்லிடுவாங்க. நீங்க இப்ப அவரைப் பாத்து பண்ணா, ரெண்டு பேரும் கீழ பேசி வச்சுக்கிட்டு வந்தீங்கன்னு சொல்லுவாங்க. நீங்க இன்னைக்கு உள்ள உக்காரல. உங்க பேச்சு எடுபடாது."

"உள்ள உக்காந்த ஒருத்தர் இருந்தா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

அவசரம் வந்து நின்றாள். பின்னால் அம்மா.

"மேடம், உங்க மேல ரிப்போர்ட் எதுவும் இல்ல" என்றார் மேலாளர். "வாய் வார்த்தையா ஒரு எச்சரிக்கை, அதோட சரி. நீங்க போகலாம். இதுல நீங்க வந்தீங்கன்னா உங்க மார்க்கையும் நிறுத்திதான் மேல அனுப்பணும். எப்ப முடிவு வரும்னு என்னால சொல்ல முடியாது. ஒரு வாரமும் ஆகலாம். ரெண்டு மாசமும் ஆகலாம்."

"அம்மாடி, வேணாம்" என்றார் மாஸ்டர் மெதுவாக. "நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசினது போதும்பா. நல்லா பேசினீங்க."

மேலாளர், மாஸ்டர், டாக்டர், அவசரம் மூன்று பேரையும் மூன்று அறைகளில் உட்காரவைத்தார். ஒரே சொல்லை மூன்று இடத்திலும் சொல்வது, மூன்று பேர் செய்வதையும் படமெடுப்பது, படத்தை மேலிடத்துக்கு அனுப்புவது. இதுதான் அவருக்குத் தோன்றிய வழி. மேலிடம் அதைப் பார்த்து நிரபராதிகள் என்று சொல்லுமா, எவ்வளவு நேர்த்தியான சங்கேதம் என்று வியக்குமா என்பது அவருக்கே தெரியவில்லை.

அவசரத்தின் அறைக்கு அவர் கடைசியாக வந்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடல. எழுந்து போயிடலாம். நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"கேளுங்க சார்."

"நீங்க அந்த வாத்தியாருக்கு யாருன்னு முதல்ல சொல்லுங்க. ரெக்கார்டுக்கு."

"அவர் பொண்ணு" என்றாள் அவசரம். "அவர் ஸ்டூடண்ட்டும்."

பிறகு கைகளை மேசையிலிருந்து எடுத்தாள்.